ஆசனங்கள் யாருக்காக? சிறிலங்கன் விமான சேவை பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் அரசுடைமையான சிறிலங்கன் எயர்லைன்ஸ் நிறுவனத்தை விற்பதா, வைத்திருப்பதா என்ற வாதம் கொழும்பில் நெடுங்காலமாக நடந்து வந்துள்ளது. 2024ஆம் ஆண்டு செப்ரெம்பர் வரை ஆட்சியில் இருந்த அரசாங்கம் அதனை விற்பதற்கு முயன்றது. அதன் பின் பதவிக்கு வந்த ஆட்சி விற்பனையைக் கைவிட்டு, நிறுவனத்தை அரசின் கையிலேயே வைத்திருப்பது எனத் தீர்மானித்தது. இரு தரப்பினரும் கடனைப் பற்றியும் நட்டத்தைப் பற்றியுமே பேசினர். அந்த நிறுவனம் எத்தகைய விமானங்களை வாங்கியது, அவற்றினுள் எத்தனை ஆசனங்களை எவ்வாறு அமைத்தது, அவை யாருக்காக அமைக்கப்பட்டன என்ற வினாக்கள் அதிகம் எழவில்லை. ஆயினும் ஒரு விமான நிறுவனம் யாருக்காக நடத்தப்படுகின்றது என்பதை அதன் கணக்கேடுகளைக் காட்டிலும் அதன் ஆசன வரைபடம் தெளிவாகச் சொல்லிவிடும் என்பது நமது கருத்தாகும்.

புலம்பெயர்ந்த நமக்கு விமான ஆசனம் என்பது பயண வசதி மட்டுமன்று. 1987ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலண்டன் ஹீத்ரோவில் வந்திறங்கிய தமிழ் அகதிகள் குழுவொன்று, தம்மைத் திருப்பி அனுப்ப முற்பட்டபோது விமானத் தரிப்பிடத்திலேயே ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தது. அதே ஆண்டில், உரிய பத்திரங்கள் இல்லாத பயணியை ஏற்றிவரும் நிறுவனம் ஆளொருவருக்கு 1,000 பவுண் செலுத்த வேண்டும் எனப் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டமியற்றியது. 2001இல் ஐரோப்பிய ஒன்றியமும் இதே வழியில் சென்று, குறைந்தபட்சத் தண்டத்தை ஆளொருவருக்கு 3,000 ஈரோ ஆக்கியது. இதன் விளைவாக, ஓர் ஆசனத்தில் யார் அமரலாம் என்பதை எல்லைக் காவலருக்கு முன்னதாகவே விமான நிறுவனத்தின் ஊழியர் தீர்மானிக்கும் நிலை உருவாயிற்று. ஆசனம் யாருக்கு என்ற வினா நமக்குப் புதியதன்று. அதே வினாவை இப்பொழுது நாம் பிறந்த நாட்டின் விமான சேவையிடம் கேட்டுப் பார்ப்போம்.

ஒரு வரிசையில் எத்தனை பேர்?

முதலில் அடிப்படைக் கணக்கைப் பார்ப்போம். விமானத்தின் உடல் ஒரு குழாய். அதன் அகலத்தைத் தயாரிப்பாளர் நிர்ணயிக்கின்றார். அந்த அகலத்தினுள் எத்தனை ஆசனங்களைப் பொருத்துவது என்பதை விமான நிறுவனம் நிர்ணயிக்கின்றது. சிறிலங்கன் நிறுவனம் நீண்ட தூரப் பயணங்களுக்குப் பயன்படுத்தும் எயர்பஸ் ஏ330 விமானத்தின் பயணிகள் கூடம் 5.28 மீற்றர் அகலமானது. அதில் சாதாரண வகுப்பு ஆசனங்கள் இரண்டு, நான்கு, இரண்டு என எட்டாக அமைகின்றன. ஓர் ஆசனத்தின் அகலம் ஏறத்தாழ 18 அங்குலம். நிறுவனத்தின் ஏ330-300 விமானத்தில் வணிக வகுப்பில் 28, சாதாரண வகுப்பில் 269 என மொத்தம் 297 ஆசனங்கள் உள்ளன.

இதே விமானத்தில் வரிசைக்கு ஒன்பது ஆசனங்களை நெருக்கிப் பொருத்தும் மலிவுக் கட்டண நிறுவனங்களும் ஆசியாவில் இருக்கின்றன. முப்பத்துமூன்று வரிசைகளில் வரிசைக்கு ஓர் ஆசனம் கூடினால் முப்பத்துமூன்று பயணச்சீட்டுகள் மேலதிகமாகக் கிடைக்கும். எரிபொருட் செலவு சற்றே கூடும். விமானியின் சம்பளமும் குத்தகைப் பணமும் கூடுவதில்லை. போயிங் 777 விமானம் 1995இல் சேவைக்கு வந்தபோது பெரும்பாலான நிறுவனங்கள் அதில் வரிசைக்கு ஒன்பது ஆசனங்களையே அமைத்தன. இன்று வளைகுடா நிறுவனங்கள் உட்படப் பலவும் மூன்று, நான்கு, மூன்று எனப் பத்து ஆசனங்களை அமைத்துள்ளன. விமானம் அகலிக்கவில்லை, ஆசனந்தான் 17 அங்குலமாகச் சுருங்கியது. எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஏ380 விமானங்களில் இரு வகுப்புகள் மட்டுமே கொண்ட வகை 615 பேரை ஏற்றிச் செல்கின்றது.

இந்தச் சுருக்கத்துக்கு எல்லையிடும் சட்டம் உண்டா என வாசகர்கள் கேட்கலாம். விமானத்தின் வாயில்களில் பாதியை மட்டும் பயன்படுத்தி, 90 வினாடிகளில் அனைவரும் வெளியேற முடிய வேண்டும் என்பது விதி. 2006இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஏ380 விமானத்தில் இருந்து 873 பேர் 78 வினாடிகளில் வெளியேறிக் காட்டினர். அந்த விதி உயிரைக் காக்கும் விதி. முழங்காலைக் காக்கும் விதி அன்று. ஆசனத்தின் குறைந்தபட்ச அளவை ஓராண்டுக்குள் நிர்ணயிக்க வேண்டும் என 2018இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றியது. கெடு கடந்தும் அளவு நிர்ணயிக்கப்படவில்லை.

இங்கு நமது குடும்பங்களுக்குப் பயன்படும் ஒரு செய்தியைக் குறிப்பிடுவது பொருத்தமானது. இரண்டு, நான்கு, இரண்டு என்ற அமைப்பில் எந்தப் பயணியும் நடைவழியை அடைய ஒருவரை மட்டுமே கடக்க வேண்டும். மூன்று, நான்கு, மூன்று என்ற அமைப்பில் யன்னலோரம் இருப்பவர் இருவரைக் கடக்க வேண்டும். ஊரில் இருந்து பிள்ளைகளிடம் வரும் மூட்டுவலியுள்ள தாய்க்கும், அடிக்கடி எழுந்து செல்ல வேண்டிய நீரிழிவு நோயாளியான தந்தைக்கும் இந்த வேறுபாடு சிறியதன்று. பயணச்சீட்டை வாங்கும்போது விலையை மட்டுமன்றி, எந்த வகை விமானம், வரிசைக்கு எத்தனை ஆசனம் என்பதையும் முகவரிடம் கேட்டறிந்து கொள்ளுதல் நன்று.

அப்படியானால் சிறிலங்கன் நிறுவனம் பயணியின் வசதியைப் பேணும் நல்ல நிறுவனம் அல்லவா என ஒருவர் கேட்கலாம். ஆசனத்தின் அகலத்தில் குறையில்லை. குறை வேறிடத்தில் இருக்கின்றது. அதனைக் காண இந்த விமானத் தொகுதி வளர்ந்த வரலாற்றுக்குச் செல்ல வேண்டும்.

பெருமைக்காக வாங்கிய விமானங்கள்

எயர் சிலோன் நிறுவனம் மூடப்பட்ட பின்னர், 1979 செப்ரெம்பரில் எயர்லங்கா என்ற பெயருடன் புதிய சேவை தொடங்கப்பட்டது. சிங்கப்பூர் எயர்லைன்சிடம் இருந்து பெறப்பட்ட இரண்டு போயிங் 707 விமானங்களே அதன் தொடக்க முதல். அடுத்து லொக்கீட் ட்றைஸ்ரார் விமானங்கள் வந்தன. எண்பதுகளில் நாட்டை விட்டு வெளியேறிய நம்மவர் பலருக்கு முதல் விமானப் பயணம் அந்த ட்றைஸ்ராரிலேயே அமைந்தது. 1980களின் நடுப்பகுதியில் இரண்டு போயிங் 747 விமானங்களும் சேர்க்கப்பட்டன. உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானத்தைச் சிறு தீவொன்றின் இளம் நிறுவனம் வைத்திருப்பது பெருமைக்குரியதாகத் தோன்றியது. ஆனால் அதன் ஆசனங்களை நாள்தோறும் நிரப்பப் பயணிகள் வேண்டுமே! உள்நாட்டில் போர் மூண்டு உல்லாசப் பயணிகளின் வருகை குன்றிய காலம் அது. சில ஆண்டுகளிலேயே அவ்விமானங்கள் சேவையில் இருந்து நீக்கப்பட்டன.

1994இல் நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏ340 விமானங்கள் வந்தன. 1998இல் எமிரேட்ஸ் நிறுவனம் 7 கோடி டொலருக்கு 40 வீதப் பங்குகளை வாங்கி, முகாமைத்துவத்தைப் பத்தாண்டுகளுக்கு ஏற்றது. நிறுவனத்தின் பெயரும் மாறியது. 2001 யூலை 24ஆம் நாள் கட்டுநாயக்கா வான்படைத் தளத்தின் மீதும் விமான நிலையத்தின் மீதும் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் நிறுவனத்தின் விமானங்கள் பல அழிந்தும் சேதமுற்றும் போயின. காப்புறுதிக் கட்டணங்கள் உயர்ந்தன. அதன் பின்னரும் நிறுவனம் மீண்டெழுந்து இலாபமீட்டியது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. ஆகவே பிற்காலத்து வீழ்ச்சிக்குப் போரை மட்டும் காரணமாகக் காட்டிவிட முடியாது.

முப்பத்தைந்து ஆசனங்கள்

2007 டிசம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சி நமது வினாவுக்கு நேரடியான விடையாக அமைந்தது. இலண்டனில் இருந்து கொழும்பு செல்லும் விமானத்தில் சனாதிபதிக்கும் அவரது பரிவாரத்துக்கும் ஆசனங்கள் கோரப்பட்டன. விமானம் நிரம்பியிருந்தது. பணம் செலுத்திய 35 பயணிகளை இறக்கிவிட்டே அந்த ஆசனங்களை வழங்க முடியும். அதற்கு நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த பீட்டர் ஹில் இணங்கவில்லை. விரைவிலேயே அவரது தொழில் அனுமதி இரத்துச் செய்யப்பட்டது. 2008 மார்ச்சில் எமிரேட்சின் முகாமைத்துவ ஒப்பந்தம் முடிவடைந்தபோது அது புதுப்பிக்கப்படவில்லை. 2010இல் அரசாங்கம் எமிரேட்சின் பங்குகளை 5.3 கோடி டொலருக்குத் திரும்ப வாங்கியது.

டிசம்பர் மாதத்து இலண்டன் விமானத்தில் யார் யார் பயணம் செய்வர் என்பதை நாம் அறிவோம். ஆண்டு முழுவதும் மேலதிக வேலை செய்து பணம் சேர்த்து, பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பாட்டனையும் பாட்டியையும் காட்டச் செல்வோர் அவர்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி அனைவரும் அந்த வரிசைகளில் இருப்பர். ஆட்சியாளரின் பார்வையில் அந்த 35 ஆசனங்கள் பயணிகளுக்கு உரியவையல்ல, அரசுக்கு உரியவை. அரசின் உடைமை என்பது மக்களின் உடைமை என்று பொருள்படாமல் ஆள்பவரின் உடைமை என்று பொருள்படும் நாட்டில், விமான சேவை மட்டும் வேறு விதமாக இருக்கும் என நாம் எதிர்பார்க்க முடியாது. எமிரேட்ஸ் வெளியேறிய பின் வந்த ஆண்டுகளில் பெரும்பாலானவை நட்டத்திலேயே முடிந்தன.

2013இன் கொள்வனவு

நட்டத்தில் இயங்கிய அதே நிறுவனம் 2013இல் ஆறு ஏ330-300, நான்கு ஏ350-900 ஆகப் பத்து விமானங்களை எயர்பஸ்சிடம் இருந்து வாங்க உடன்பட்டது. மேலும் நான்கு ஏ350 விமானங்களைக் குத்தகைக்குப் பெறவும் ஏற்பாடாயிற்று. ஏ330 விமானங்கள் 2014இல் வந்து சேரத் தொடங்கின. முன்பு குறிப்பிட்ட 297 ஆசனங்கள் இந்த விமானங்களில் உள்ளவையே. 2015இல் ஆட்சி மாறியது. புதிய ஆட்சி 2016இல் ஏ350 குத்தகைகளை இரத்துச் செய்தது. ஒரு நாள் கூடப் பறக்காத அந்த விமானங்களுக்காகக் குத்தகை நிறுவனத்துக்குச் செலுத்த நேர்ந்த இழப்பீடு சுமார் 10 கோடி டொலர்.

அதே 2016இன் பிற்பகுதியில் பாரிஸ், பிராங்க்பேர்ட் நகரங்களுக்கான நேரடிச் சேவைகளும் நிறுத்தப்பட்டன. நம்மவர் செறிந்து வாழும் ஐரோப்பியக் கண்டத்துப் பாதைகள் இவை. நீண்ட தூரத்துக்கென வாங்கிய விமானங்கள் கையில் இருக்க, நீண்ட தூரப் பாதைகள் கைவிடப்பட்டன. ஏ330 விமானமொன்று பாகிஸ்தானின் தேசிய நிறுவனத்துக்கு வாடகைக்குக் கொடுக்கப்பட்டு, இஸ்லாமாபாத்துக்கும் இலண்டனுக்கும் இடையே பறந்தது. பாரிசிலும் பிராங்க்பேர்ட்டிலும் இருந்த நம்மவர் டுபாய், டோகா வழியாகப் பத்து ஆசன வரிசைகளில் ஊர் செல்லப் பழகிக் கொண்டனர். விமானத்துக்கும் பாதைக்கும் பயணிக்கும் இடையே இருக்க வேண்டிய தொடர்பு இவ்வாறு அறுந்து போயிற்று.

அந்தத் தொடர்பு ஏன் அறுந்தது என்பதற்கு ஒரு பகுதி விடை 2020 சனவரி 31ஆம் நாள் இலண்டன் நீதிமன்றத்தில் கிடைத்தது. பல நாடுகளில் இலஞ்சம் வழங்கியமை தொடர்பாக எயர்பஸ் நிறுவனம் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளுக்கும் 360 கோடி ஈரோ செலுத்த உடன்பட்டது. அவ்வழக்கின் உண்மைக் கூற்றில் சிறிலங்கன் நிறுவனமும் இடம்பெற்றிருந்தது. விமானக் கொள்வனவில் செல்வாக்குச் செலுத்துவதற்காக, நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவரின் மனைவியுடன் தொடர்புடைய நிறுவனத்துக்கு 1 கோடியே 68 இலட்சத்து 40 ஆயிரம் டொலர் வரை வழங்க எண்ணப்பட்டதாகவும், அதில் 20 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டதாகவும் அக்கூற்று தெரிவித்தது.

விமானத்தின் தரத்தை நாம் குறை கூறவில்லை. ஏ330 நல்ல விமானம். ஏ350 அதனிலும் சிக்கனமானது. ஆனால் ஒரு நிறுவனம் விமானம் வாங்கும்போது கேட்க வேண்டிய வினாக்கள் சில உள. எந்தப் பாதையில் ஆண்டுக்கு எத்தனை பேர் செல்கின்றனர்? அவர்கள் தரக்கூடிய கட்டணம் என்ன? எத்தனை ஆசனம் நிரம்பினால் செலவு மீளும்? அடியில் உள்ள சரக்கறையில் எதனை ஏற்றலாம்? ஏ330-300 விமானத்தின் சரக்கறை 32 கொள்கலன்களை ஏற்க வல்லது. இலண்டனிலும் வளைகுடா நகரங்களிலும் உள்ள கடைகளுக்கு வரும் மரக்கறிகளும் மீனும் பயணிகளின் காலடியில், இத்தகைய சரக்கறைகளிலேயே வருகின்றன. இந்தக் கணக்கில் இருந்து விமானம் தெரிவு செய்யப்பட வேண்டும். கொள்வனவில் தனிநபர் இலாபம் நுழையும்போது, விமானம் முதலில் தெரிவாகி, அதற்கேற்ற கணக்குப் பின்னர் தேடப்படும்.

இதன் சுமை ஆசனத்தில் அமர்பவரோடு நின்றுவிடவில்லை. விமானக் குத்தகையும் உதிரிப் பாகங்களும் டொலரில் செலுத்தப்படுகின்றன. நிறுவனம் அரசாங்கத்தின் உத்தரவாதத்துடன் 17.5 கோடி டொலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டிருந்தது. 2022இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்தபோது, கட்டுநாயக்காவில் எரிபொருள் போதாமல் அதன் விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. அன்று எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற ஏழைகளில் பலர் விமானத்தில் ஒருபோதும் ஏறாதவர்கள். ஏறாத விமானத்தின் கடனிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

பலாலியில் இறங்காத விமானங்கள்

1947 டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையில் இருந்து புறப்பட்டது. சிறிய டக்கோட்டா விமானம் அது. யாழ். குடாநாட்டில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குச் சென்றது. இலங்கையின் தேசிய விமான சேவை பிறந்த நாளிலேயே யாழ்ப்பாணம் அதன் பாதையில் இருந்தது என்பதை இன்றைய தலைமுறையினர் பலர் அறியார்.

போர்க்காலத்தில் பலாலி படைத்தளமாக இருந்தது. 2019 ஒக்ரோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் இந்தியாவின் அலையன்ஸ் எயர் சென்னையில் இருந்து சேவையைத் தொடங்கியது. கொரோனாத் தொற்றினால் தடைப்பட்ட அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோ நிறுவனமும் இணைந்தது. இவ்விரு நிறுவனங்களும் பயன்படுத்துவது ஏரிஆர் 72 என்னும் சுழல்விசிறி விமானம். நடுவே ஒரு நடைவழி, இருபுறமும் இரண்டிரண்டு ஆசனங்கள், மொத்தம் எழுபது முதல் எழுபத்தெட்டுப் பேர். குறுகிய ஓடுபாதைக்கும் சிறிய பயணிகள் தொகைக்கும் இதுவே பொருந்தும்.

சிறிலங்கன் நிறுவனத்தின் தொகுதியிலோ எயர்பஸ் ஜெட் விமானங்களே உள்ளன. பலாலியில் பயன்பாட்டில் உள்ள ஓடுபாதையின் நீளத்துக்கு ஏற்ற சிறு விமானம் அதனிடம் இல்லை. ஆகவே ஐரோப்பாவில் இருந்தோ கனடாவில் இருந்தோ செல்லும் நமது முதியவர்கள் கட்டுநாயக்காவில் இறங்கி, இரவோடிரவாக வாகனத்தில் வடக்கே செல்கின்றனர். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பத்து மணி நேரம் பறந்தவர்கள் மேலும் ஏழெட்டு மணி நேரம் வீதியில் குலுங்க வேண்டியிருக்கின்றது. ஒரு நாட்டின் தேசிய சேவையால் அந்த நாட்டின் முக்கிய நகரமொன்றில் இறங்க முடியவில்லை. அயல்நாட்டுச் சேவைகள் இறங்குகின்றன. குறை ஓடுபாதையில் மட்டும் இல்லை. எந்தப் பயணியை மனத்தில் வைத்து விமானங்கள் வாங்கப்பட்டன என்பதிலும் உள்ளது.

நாம் கேட்க வேண்டியவை

நிறுவனத்தை விற்றுவிட்டால் எல்லாம் சீராகும் என்பது ஒரு தரப்பின் வாதம். தனியாரிடம் சென்றால் ஏ330 விமானத்தில் எட்டு ஆசனம் ஒன்பதாகலாம். இலாபமற்ற பாதைகள் மூடப்படலாம். அரசிடம் இருந்தால் தேசத்தின் மானம் காக்கப்படும் என்பது மறு தரப்பின் வாதம். அரசிடம் இருந்தபோதே 35 ஆசனங்களும் சுமார் 10 கோடி டொலரும் நமக்குக் கற்பித்த பாடம் கண்முன் உள்ளது. உடைமை யாருடையது என்பதற்கு மேலாக, தீர்மானங்கள் யார் முன்னிலையில் எடுக்கப்படுகின்றன என்பதே முதன்மையான வினா என நாம் கருதுகின்றோம்.

புலம்பெயர்ந்த மக்கள் இந்த விமானங்களின் வெறும் பார்வையாளர்கள் அல்லர். இலண்டன், மெல்பேர்ண் பாதைகளின் ஆசனங்களை நிரப்புவோரில் நாமும் அடக்கம். புதிய விமானங்கள் வாங்கப்படும்போது விலையும் இடைத்தரகர் விபரமும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் எனவும், குறுந்தூரச் சேவைக்குச் சிறு விமானங்கள் சேர்க்கப்பட்டு யாழ்ப்பாணம் கட்டுநாயக்காவுடன் இணைக்கப்பட வேண்டும் எனவும் கோருவதற்கு நமக்கு உரிமையுண்டு. இவை தமிழருக்கு மட்டும் சலுகை கேட்கும் கோரிக்கைகள் அல்ல. வளைகுடாவில் வீட்டுப்பணி புரிந்து ஈராண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் சிங்களப் பெண்ணுக்கும், மட்டக்களப்பில் இருந்து கட்டார் செல்லும் முஸ்லிம் இளைஞனுக்கும் இவற்றால் நன்மையே விளையும்.

அடுத்த கொள்வனவு அறிவிக்கப்படும் நாளில் விமானத்தின் பெயரும் விலையும் தலைப்புச் செய்தியாக வரும். நமது வாசகர்கள் அச்செய்தியில் வேறு மூன்று விபரங்களைத் தேடிப் பார்க்க வேண்டும்: அது எந்தப் பாதையில் பறக்கப் போகின்றது, அதில் எத்தனை ஆசனங்கள் உள்ளன, அந்த எண்ணிக்கையை நிர்ணயித்தவர் யார். இந்த மூன்றுக்கும் விடையில்லாத கொள்வனவு இன்னொரு 2013 ஆகவே முடியும்.